புகை இறங்கும் ஊர்

எனக்குக் காசநோய் இல்லை என்று தெரிந்த அன்று எங்கள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்கள். நாங்கள் செய்த பெரிய பிசகு அதுதான். கேசரியைக் குறை சொல்லவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு விஷயங்களில் முதலாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, இரண்டாவதை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோமே, அதைச் சொல்கிறேன். இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இரண்டாவதையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. ஆரோக்கியம் பெயரில் இருந்த அளவுக்கு உடம்பில் தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள். என் கணவர் சவரிமுத்து சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் காளவாய் வைத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் என்னை மேரி என்று கூப்பிட்டால் ஏதோ கோபம் என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் டீச்சர்தான்.

எங்கள் ஊர் சட்டிக்குள் வைத்தது போல இருக்கும். மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் கரடு என்கிற மொட்டைக் குன்று, நடுவில் கடைவீதியும் பஸ் நிற்கும் இடமும் நெருக்கமாக வீடுகளும். வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கினால், "மலைக்காத்து, குடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள். நாங்களும் பெருமையாகச் சிரித்துக்கொள்வோம்.

நான் கல்யாணமாகி வந்தபோது கரட்டோரம் ஒன்றிரண்டு காளவாய்கள்தான் இருந்தன. தர்மபுரி தனி ஜில்லா ஆனதும் கதை மாறியது. ஜில்லா என்றால் ஆபீசுகள் வேண்டும், ஆபீசர்களுக்கு வீடுகள் வேண்டும், அவற்றைப் பார்த்துப் பணக்காரர்களும் மாடி கட்டுவார்கள். எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு வேண்டும். ஓடையோரம் கல் கிடைத்தது, மொரப்பூர் ரயிலடியிலிருந்து எஞ்சின் தின்று கழித்த கரி லாரியில் வந்தது. கரட்டோரம் காளவாய்கள் வரிசையாக முளைத்தன. அவற்றுக்குப் பின்னாலேயே செங்கல் சூளைகளும் லாரிப் பட்டறைகளும் வந்தன. காளவாய்க்கு மலையடிவாரம்தான் ராசி என்பார்கள். அங்கே காற்று அலைக்கழிக்காது, தீ சீராக நின்று எரியும். காற்று அடிக்காத இடத்தில் புகையும் நின்றுவிடுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் நடத்திய பாடத்தில் மலை என்றால் காவல். இமயமலை வடக்கத்திக் குளிர்காற்றைத் தடுத்து நாட்டைக் காக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தை மறித்து மழை வாங்கித் தருகிறது. தேசப்படத்தை மாட்டி, கோலால் மலைகளைத் தொட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் பழுப்பு வண்ணம் அடித்துக்கொண்டு வருவார்கள்.

நோய் முதலில் தலைகாட்டியது வகுப்பில்தான். நதிகளின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்வது என் வழக்கம். அந்த மார்கழியில் காவிரியில் தொடங்கி கோதாவரி வருவதற்குள் மூச்சு தீர்ந்துபோனது. மகாநதிக்குப் போகவே முடியவில்லை. காலையில் எழுந்ததும் இருமல், கெட்டியான சளி, படியேறினால் விலாவில் இழுப்பு. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். பிள்ளைங்க இருக்கற எடம். நல்லாப் பாத்துக்கிட்டு வாங்களேன்."

அவர் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஊரில் யாருமே சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பால்காரம்மா செம்பைத் தொடாமல் உயரத் தூக்கி ஊற்றத் தொடங்கினாள். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு மட்டும் காபி வேறு டம்ளரில் வந்தது. பாதி குடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் பந்தல் நடுவில் எல்லோரும் பார்க்க வந்து, அந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மீதியைக் குடித்தார். "சக்கர கம்மியா இருக்குதே" என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவரை நான் அன்றைக்குப் போல விரும்பியதில்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி எங்கள் ஊருக்கு வெளியே, மேட்டு நிலத்தில் இருக்கிறது. வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சில் கூட்டம் நெரியும். நான் ஒருமுறை இருமினேன், பக்கத்திலிருந்த அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் முறை இருமியதும் எழுந்தே போய்விட்டாள். அதன்பின் அந்த நெருக்கடியிலும் எங்கள் இருவருக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. "பாத்தியா, ஜமீந்தார் மாதிரி உக்காந்திருக்கோம்" என்றார் என் கணவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

படுக்கை கொடுத்துச் சோதித்தார்கள். விடியற்காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழ இருமி எடுத்த சளியைச் சின்ன டப்பாவில் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காசக்கிருமி இருந்தால் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் என்று நர்ஸ் சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். கண்ணை மூடினால் சிவப்புக் குச்சிகளாகவே வந்தன. பிறகு நெஞ்சுப்படம் எடுத்தார்கள். ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கச் சொன்னார்கள். இழுக்க முடிந்தது, பிடிக்கத்தான் முடியவில்லை. படம் கலங்கிப்போய் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் சிஸ்டர் உயரமான மனுஷி, குரல் மட்டும் சின்னது. ஒரு தீக்குச்சியைக் கிழித்து என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"வாயை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டு ஊதுங்க. உதட்டைக் குவிக்கக் கூடாது."

ஊதினேன். சுடர் லேசாகத் தலையாட்டியது, அணையவில்லை. குச்சி முழுவதும் எரிந்து அவர் விரலைச் சுட்ட பிறகுதான் அணைந்தது. நெஞ்சிலிருந்து காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்கிற வழி அது. என் கணவருக்கு வேடிக்கையாக இருந்தது போலும், "நான் ஊதட்டுங்களா சிஸ்டர்?" என்றார். இன்னொரு குச்சியைக் கிழித்தார்கள். அவர் ஊதியதும் பொசுக்கென்று போயிற்று. வாழ்நாளெல்லாம் காளவாயின் வாயோரத்தில் நின்றவர் அவர். முகம் அப்படியே சுண்டிப்போய், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"புகை எல்லார் நெஞ்சையும் ஒண்ணு போலப் பிடிக்காது" என்றார் சிஸ்டர்.

சோதனைகள் எல்லாம் முடிந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். காசநோய் இல்லை. காற்று போகும் குழாய்கள் உள்ளுக்குள் புண்ணாகித் தடித்து, வழி குறுகிப்போயிருக்கிறது. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வர முடியாமல் நெஞ்சுக்குள் தேங்குகிறது.

"அப்ப இது ஒட்டாதுங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

"ஒட்டாது. ஆனா இவங்க அந்த ஊர்ல இருக்கக் கூடாது."

"ரொம்ப சந்தோசங்க சிஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அப்படித்தான் கேசரி வந்தது. கிண்டியவள் ஞானம் அக்கா, என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் மதலைமுத்து சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது கொதித்துத் தெறித்ததில் இரண்டு கண்ணையும் இழந்தவர். அவர்களுக்கு நான்கு பெண்கள். இரண்டு குடும்பமும் ஒரே காளவாயை நம்பித்தான் இருந்தோம். அக்கா வீடு வீடாகப் போய், "புகைதானாம், வேற ஒன்னுமில்லியாம்" என்று சொல்லிக் கேசரி கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் ஊரில் புகை ஒரு நோயா என்ன? அது வீட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்து போகிற வஸ்து. பால்காரம்மா அன்று முதல் செம்பைத் தொட்டே ஊற்றினாள்.

நன்றிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். சாதாரணப் பூசை போதாது, பாட்டுப் பூசைதான் வேண்டும், தூபத்தோடு. தை மாதக் குளிர் என்று கோயில் கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். எனக்காகத்தான் பூசை என்பதால் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சாமியாருக்குத் தூபம் காட்டிய பிறகு சபைக்குக் காட்டுவது முறை. சாமியாருக்கு உதவும் உபதேசியார் எங்கள் வரிசைக்கு நேரே வந்து நின்று, எனக்கென்று கூடுதல் மரியாதையாக, கையில் பலம் இருந்த மட்டும் தூபக்கலசத்தை வீசினார். பாட்டு எழும்பியது, சாம்பிராணிப் புகையும் எழும்பியது. எனக்கு மூச்சு அதோடு அடைத்துக்கொண்டது. இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்தார்களாம். உதடு நீலமானதைப் பார்த்து அக்காதான் கத்தினாள். என்னைச் சுகமாக்கியதற்கு நன்றி சொன்ன பூசையிலிருந்து என்னைக் கரி லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. நரம்பில் ஒரு ஊசியை நெடுநேரம் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். சுருங்கிய குழாயை விரித்துவிடும் மருந்து, அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் தடுமாறும் என்று நர்ஸ் சொன்னாள். கட்டிலோரம் ஆள் உயர ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. பயமாக இருந்தது என்று எழுதினால் போதாது. மூச்சு என்பது நாம் செய்கிற வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இறைப்பது போல இழுத்தேன், கை ஓய்ந்தால் கயிறு போய்விடும் என்ற பயத்தோடு. அக்கா என் முதுகைத் தாங்கி உட்காரவைத்தபடியே இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. அவள் தோளில்தான் தூங்கினேன். கல் இழுத்த வண்டிமாடுகளை விற்றுத்தான் மருந்து வாங்கினார்கள் என்பது பின்னால் யாரோ சொல்லித் தெரிந்தது. என் கணவர் என்னிடம் மூச்சுவிடவில்லை.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு விடியற்காலையில் மெல்ல மாடி வராந்தாவுக்குப் போனேன். ஆஸ்பத்திரி மேட்டில் இருப்பதால் அங்கிருந்து எங்கள் ஊர் தெரிய வேண்டும். தெரியவில்லை. மலைகள் தெரிந்தன, கரடு தெரிந்தது, நடுவில் பழுப்பாக ஒரு படலம் மட்டமாகக் கிடந்தது. கோயில் சிலுவை மட்டும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நான் இருந்த இடத்தில் வெயில் அடித்தது, காற்று சுத்தமாக இருந்தது.

பூகோளம் படித்தவளுக்கு அதைப் பார்த்தால் புரியும். சாதாரணமாகத் தரையோரம் சூடு, மேலே குளிர்ச்சி. அதனால் புகை மேலே போய்விடும். பனிக்காலத்தில் ராத்திரி மலைச்சரிவு குளிர்ந்து, கனத்த குளிர்காற்று தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துவிடும். புகை அந்த மூடியைத் தாண்ட முடியாது. வெயில் ஏறித் தரை காய்கிற வரைக்கும் ஊர் முழுக்க அதைத்தான் சுவாசிக்க வேண்டும். காவல் என்று நான் பாடம் நடத்திய மலைதான் எங்களைப் பிடித்து உள்ளே வைத்திருந்தது. காற்று உள்ளே வந்தால்தானே புகை வெளியே போகும்.

சிஸ்டர் இந்த முறை என் கணவரை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று அவரே வந்து சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு.

"இன்னொருக்கா அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனா, அப்பறம் கொண்டார வேண்டியிருக்காதுன்னு சொல்றாங்க."

என் வீடு அங்கே இருந்தது. அவர் அங்கே இருந்தார். வேறெங்கும் எனக்கு யாருமில்லை.

அதன்பின் சில நாள் அவர் வரவில்லை, அக்காதான் சோறு கொண்டுவந்தாள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு சாயங்காலம் அவர் வந்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, பெண் பார்க்க வந்தவர் போல வெள்ளைச் சட்டை.

"டீச்சர், நாளைக்குக் காலையில மாடிக்குப் போயிப் பாரு."

"என்னாங்க?"

"காளவாய அணைச்சிட்டேன்."

அப்போது வேக்காடு பாதியில் இருந்தது என்று எனக்குத் தெரியும். கல்லும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டுத் தீ மூட்டினால் முழுக்க வெந்த பிறகுதான் தொடுவார்கள். பாதி வெந்த கல் சுண்ணாம்புக்கும் ஆகாது, சுவருக்கும் ஆகாது. பாதியில் அணைக்கிற வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

"நாலு பொண்ணுங்க இருக்குதுங்களே. அண்ணன் என்ன சொன்னாரு?"

"அவருதான் மொதல்ல தண்ணி ஊத்துனாரு. நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

ஞானம் அக்கா தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீ மூச்சு விடு மேரி, அது போதும். நாங்க கூழக் குடிச்சுக்கறோம். வூட்டுக்கு வா."

அன்று ராத்திரி முழுக்க ஜெபமாலை உருட்டினேன். என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒரு காலை, மலைக்கு நடுவில் என் வீட்டு ஓடு தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றிருந்தார். கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி, ஊர் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அதே பழுப்பு, அதே மட்டம். அதற்கு மேலே அதே சிலுவை.

அவர் கேட்டார்.

"நம்முளுது எங்க இருக்குதுன்னே தெரியலியே டீச்சர்?"

நான் கையை நீட்டி, கரடு வளைகிற இடத்தைக் காட்டினேன். மற்ற காளவாய்களின் புகை அங்கேயும் நிரம்பிக் கிடந்தது. சூளைப் புகை, லாரிப் புகை, ஊர் முழுக்க எரியும் அடுப்புப் புகை எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு அதில் எது எங்களுடையது? ஒரு குடும்பம் கூழ் குடிக்கத் துணிந்ததற்கு அந்தப் படலத்தில் ஒரு ஓட்டைகூட விழவில்லை.

"மத்தவங்ககிட்டப் பேசறேன்" என்றார்.

"அவங்க வூட்லயும் பொண்ணுங்க இருக்குதுங்க."

அவர் சட்டைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "போயி மறுபடி மூட்டுங்க" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

நான் மட்டும் பென்னாகரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்; அவர் காளவாயை மறுபடி மூட்டி, இரண்டு குடும்பத்துக்காக அங்கேயே தங்கிவிட்டார். மேட்டுப் பூமி, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆடியில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். இப்போது படி ஏறுகிறேன், குடம் தூக்குகிறேன், வகுப்பில் மகாநதியைத் தாண்டி கங்கைவரை ஒரே மூச்சில் போகிறேன். என்னைப் பார்ப்பவர்கள், "நல்லாத் தேறிட்டீங்க டீச்சர்" என்கிறார்கள். தேறிவிட்டேன்தான். அவர் அங்கே பொங்கித் தின்கிறாரா, அக்கா வீட்டில் தின்கிறாரா என்று தெரியாமல் இங்கே ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன். நல்ல காற்றை இழுக்கும்போதெல்லாம் பாதிதான் எனக்குச் சேர்கிறது போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காளவாயில் வேலையில்லை. பூசை முடிந்ததும் பஸ் ஏறி வருவார். ஆரம்பத்தில் உள்ளே வந்து உட்கார்ந்தால் எனக்கு இருமல் கிளம்பிவிடும். தலைமுடியில், தோலில், எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத கரிவாடை. அதிலிருந்து அவர் வீட்டுக்குள் வருவதில்லை. வாசல் வேம்படியில் நாற்காலி போட்டுக்கொள்வார். உட்காரும் முன் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துக் கைவிரலால் உதிர்த்துப் பார்ப்பார். மண் எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கமாகப் போய் உட்காருவார், தன் மேல் பட்ட காற்று என் மேல் வராதபடி. பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பினால் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருவார். பக்கத்து வீட்டு அம்மாள் வேடிக்கை பார்ப்பாள். நான் அவரிடம் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன ஞாயிறு காற்று அசையவே இல்லை. வேம்பில் ஒரு இலைகூட ஆடவில்லை. அவர் மண்ணை எடுத்து உதிர்த்தார், அது நேராக அவர் காலடியிலேயே விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடியும் அப்படியே விழுந்தது. எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொண்டுவந்த வேர்க்கடலைப் பையை வேலிப்படலில் மாட்டிவிட்டு, "பஸ் வந்துரும் டீச்சர்" என்றார்.

பஸ்ஸுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.